ஸ்டாண்ட் பாடாது

32 வருடம் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன் என்றாலும் சரிதான்.

என் பழைய மாணவன் ஒருவன் போன மாதம் 35,000 ரூபாய்க்கு ஒரு ஜோடி ஹை-ஃபை ஸ்பீக்கர் வாங்கினான். கடைக்காரர் கூடவே 28,000 ரூபாய் ஸ்டாண்டையும் தவணையில் அவன் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார். அடியிலுள்ள கூர் ஆணிகள் அதிர்வைத் தரைக்குள் இறக்கிவிடுமாம், திரும்பி மேலே விடாதாம். "வாங்கலாமா சார்?" என்று கேட்டான்.

நியூட்டனின் மூன்றாம் விதியை இவனுக்கு நடத்தியதே நான்தான்! ஆணி தரையை அழுத்தினால் தரையும் ஆணியை அழுத்தும். இரும்பில் ஒருவழிப் பாதை ஏது? கார்ப்பெட் விரித்த வீடுகளில் அதைத் துளைத்துக்கொண்டு ஸ்டாண்ட் ஆடாமல் நிற்கத்தான் அந்த ஆணி. நம் டைல்ஸ் தரையில் கீறல்தான் மிச்சம்.

அதற்காக ஸ்டாண்டே வீண் என்கிற கூட்டத்திலும் நான் இல்லை. இவன் ஸ்பீக்கரை வைத்திருந்தது டிவி ஷோகேஸ் மேல். இசைக்கவையைத் தட்டிக் கையில் பிடித்தால் மெல்லக் கேட்கும். காம்பை மேசையில் ஊன்றினால் வகுப்பு முழுக்கக் கேட்கும். அப்போது பாடுவது மேசை. இவன் வீட்டில் மிருதங்கத்தின் தொப்பி விழும்போதெல்லாம் ஷோகேஸ் பலகையும் சேர்ந்து பாடியது, கண்ணாடிக் கதவு கடகடத்தது.

சுவரை ஒட்டி வைத்ததில் பேஸ் வேறு அளவுக்கு மீறிக் குமுறியது. தள்ளி வைத்தாலும் கணக்கு உண்டு. ஸ்பீக்கரின் முகம் பின்சுவரிலிருந்து 1 மீட்டரில் இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 2 மீட்டர் கூடுதலாக நடக்கிறது. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 344 மீட்டர். ஆக 86 ஹெர்ட்ஸ் அருகே நேர் ஒலியும் திரும்பிய ஒலியும் ஒன்றையொன்று தின்றுவிடும். நகர்த்தினால் அந்தப் பள்ளமும் நகரும். நகர்த்தும் சுதந்திரத்தைத்தான் ஸ்டாண்ட் தருகிறது. கூடவே உயரம்: ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவரின் காது மட்டத்துக்கு வரவேண்டும்.

இதற்கு 28,000 எதற்கு? எங்கள் தெரு வெல்டிங் பட்டறையில் ஜோடி 3,200 ரூபாயில் முடிந்தது. சதுரக் குழாய், மேலும் கீழும் தகடு, அடியில் ரப்பர். குழாயைத் தட்டினால் மணிபோல ஒலித்தது. மணல் நிரப்பியதும் 'டொக்' என்று அடங்கிவிட்டது. ஈர மணல் போட்டால் துருப்பிடிக்கும் என்று வாணலியில் வறுத்தேன். வீட்டில் வாங்கிய வசவு தனிக் கதை.

எனக்குக் கேட்கத் தெரியவில்லை என்றாராம் கடைக்காரர். அவர் கண்ணைக் கட்டிக்கொள்ளட்டும். இரண்டு ஸ்டாண்டையும் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் மாற்றி மாற்றி வைக்கிறேன். 10 தடவையில் 9 தடவை சரியாகச் சொன்னால் 28,000-ஐ என் பென்ஷனிலிருந்து தருகிறேன் என்று மாணவனிடம் சொல்லி அனுப்பினேன். இரண்டு வாரமாகப் பதில் இல்லை.