எல்லை தாண்டாத ஒற்றுமை

போன ஞாயிற்றுக்கிழமை மேல்மாடித் தஞ்சாவூர் மாமா ஒரு சின்ன டப்பாவோடு வந்தார். புனேவுக்கு லீவில் வந்த ஜெர்மனி மகன் கொடுத்துவிட்டுப் போனதாம். திறந்தால் பளபளவென்று வெள்ளி நாணயம். யூரோ புழக்கத்துக்கு வந்ததைக் கொண்டாட 2002-ல் ஜெர்மனி வெளியிட்ட 10 யூரோ.

"நீங்க பேங்க்காரர், சொல்லுங்க. அடுத்த மாசம் பாரிஸ் டூர் போறோம். இதைக் கொடுத்தா காபி கிடைக்குமா?"

"கிடைக்காது மாமா."

"யூரோதானே ஓய்?"

யூரோதான். ஆனால் சங்கதி என்னவென்றால், சேகரிப்பவர்களுக்காக அடிக்கும் யூரோ நாணயம் வெளியிட்ட நாட்டுக்குள் மட்டும்தான் சட்டப்படி செல்லும். ஜெர்மனி வெள்ளிக்கு பிரான்ஸில் மதிப்பில்லை. எல்லைகளைத் தாண்டுகிற பணத்தைக் கொண்டாட, எல்லை தாண்டாத ஒரு காசு! மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இது பழைய வியாபாரம். ரோம் ஒப்பந்தத்தின் 30-ம் ஆண்டுக்காக 1987-ல் பெல்ஜியம் 5 எக்யூ வெள்ளி நாணயம் விட்டது. எக்யூ அப்போது கணக்குப் புத்தகத்தில் மட்டும் இருந்த பணம்! 2004-ல் 10 நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தன. உடனே பல நாட்டு நாணயச்சாலைகள் அதையே கருப்பொருளாக்கி வெள்ளி அடித்தன. பிரிட்டன் கதை இன்னும் ஜோர். 1973-ல் சேர்ந்தபோது ஒன்பது கைகள் கோத்த 50 பென்ஸ். 2020-ல் விலகியபோதும் ஒரு 50 பென்ஸ், அதற்கு வெள்ளிப் பதிப்பு வேறு. கல்யாணத்துக்கும் மொய், விவாகரத்துக்கும் மொய்.

"கடைக்காரன் இத்தனை டிசைனை எப்படி அடையாளம் காண்பான்? அதனால்தான் இந்த விதி" என்பார்கள். நியாயம். கலைப்பொருள் என்று விற்கட்டும், வாங்கட்டும். 'ஒரே ஐரோப்பா' என்று சொல்லி விற்பதைத்தான் கேட்கிறேன்.

நிஜமான ஒற்றுமை சில்லறையில் இருக்கிறது. சாதாரண 2 யூரோவில் ஒரு பக்கம் எல்லோருக்கும் பொதுப்படம், மறுபக்கம் அவரவர் நாட்டுப் படம். எங்கே அடித்தாலும் யூரோ நாடு முழுக்கச் செல்லும். 2007-ல் ரோம் ஒப்பந்தத்தின் 50-ம் ஆண்டுக்கு 13 நாடுகள் ஒரே படத்தோடு 2 யூரோ விட்டன. வெள்ளி இல்லை, வெல்வெட் டப்பா இல்லை. ஆனால் கை மாறியது.

அந்த ஒற்றுமைக்குப் பரீட்சை வந்ததும் சில்லறையில்தான். 2015-ல் கிரேக்கர்கள் ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு 60 யூரோதான் எடுக்கலாம் என்றார்கள். 2016 நவம்பரில் கவுன்ட்டருக்கு உள்ளே நின்றவன் நான். தன் பணத்துக்காகத் தானே வரிசையில் நிற்பவனின் முகம் எனக்குத் தெரியும். அவனிடம் ஐரோப்பிய ஒற்றுமை வெள்ளியைக் காட்டிப் பாருங்கள்!

மாமாவிடம் சொன்னது இதுதான். 18 கிராம், 925 தரம், ஆக 16.65 கிராம் சுத்த வெள்ளி. இன்றைய விலைக்கு 10 யூரோவைத் தாண்டும். மகன் ஞாபகமாக பீரோவில் வையுங்கள். நம் பிள்ளைகள் அங்கிருந்து வாங்கி அனுப்புவதானால் எடை பார்த்து வாங்கட்டும். ஒற்றுமைக்கென்று தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

பாரிஸ் காபிக்கு? சில்லறை எடுத்துக்கொண்டு போங்கள் மாமா.