சரிஞ்ச சுவரை ஆர் நிமிர்த்தச் சொன்னது?

கட்டடப் படம் ஒன்றைக் காட்டினால் முதலில் வாற கதை இதுதான்: "மச்சான், லைன் சரிஞ்சு கிடக்கு, நிமிர்த்து." நிமிர்த்தாதது கத்துக்குட்டிப் படம், நிமிர்த்தினது தொழில்காரன் படம். இந்தச் சட்டத்தை ஆர் எழுதினது எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்லை. போன வருசம் வரைக்கும் நாங்களும் கேக்கேல்லை.

திருத்தவே கூடாது என்று சொல்ல வரவில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குக் கிட்டப் போய் நின்று, குவிமாடமும் விழவேணும் எண்டு போனை மேலே சாய்த்துப் பிடியுங்கோ. இப்போது சென்சரும் சுவரும் சமாந்தரமாக இல்லை. மேற்பகுதி தூரமாகிச் சின்னதாகப் பதியும்; தூண்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கி, கட்டடம் பின்னுக்கு விழுகிற மாதிரிக் கிடக்கும். நேரில் பார்க்கும்போது எங்கள் மூளை இதைக் கணக்கில் எடுத்துவிடுகிறது, படத்தில் எடுக்காது. இந்தச் சரிவு நாங்கள் நின்ற இடத்தால் வந்தது. அதைத் திருத்தலாம். நிக்கோன் இதுக்கெண்டே நகரும் லென்ஸ் ஒன்றை 1960களின் தொடக்கத்திலேயே விற்றது.

எங்கள் கோபம் அந்த ஒற்றைப் பொத்தானில். 2013இல் லைற்றூம் 5 உடன் 'அப்ரைற்' வந்தது. 'ஓட்டோ'வை அமர்த்தினால், படத்திலுள்ள கோடுகளைத் தேடி, இது நிமிர்ந்துதான் இருந்திருக்கும் என்று ஊகித்து இழுத்துவிடும். மேசனிட்ட தூக்குக்குண்டு இருக்கு. மென்பொருளிட்ட என்ன இருக்கு? கோபுரம் மேலே ஒடுங்குவது சிற்பியின் கணக்கு. அந்த விளிம்பையும் கமராவின் பிழை எண்டு நினைத்து அகட்டினால் நல்லூர்க் கோபுரமும் நெருப்புப்பெட்டிதான்.

கோபுரத்தைக் கெடுத்தால் சிரிச்சிட்டுப் போகலாம். வலிகாமம் வடக்கில் நாங்கள் எடுத்த வீட்டைப் பற்றிச் சிரிக்க ஏலாது. கூரை இல்லை. முன்சுவர் செல் விழுந்ததில் இடப்பக்கம் சரிந்து, யன்னல் ஓட்டைகளும் சேர்ந்து சரிந்து நிற்கிறது. வழக்கம்போல 'ஓட்டோ' அமர்த்தினம். வடிவாக வந்தது. வீட்டுக்காற அம்மாவுக்குக் காட்டினம். கனநேரம் பார்த்துவிட்டுச் சொன்னா: "தம்பியவை, சுவர் சரிஞ்சு தானே கிடக்கு. இதை ஆர் நிமிர்த்தினது? பின்னால நிக்கிற பனையைப் பாருங்கோ."

பார்த்தம். சுவர் நேராக நிண்டது, பனை வலப்பக்கம் சாய்ந்து கிடந்தது.

"படம் கலைதானே, வடிவாயிருந்தாப் போதாதோ" எண்டு கேக்கிறவைக்கு: உங்கட கலியாண மண்டபப் படத்தை எப்பிடியும் இழுங்கோ. ஆனால் இடிஞ்ச வீட்டின் படத்துக்கு 'ஆவணம்' எண்டு பேர் வைச்சிட்டு, அந்த வீட்டுக்கு என்ன நடந்தது என்று சொல்லுகிற ஒரே கோட்டை அழிக்கிறது கலை இல்லை. ஸ்னாப்சீட் இன்னும் ஒரு படி மேல. சரிவைத் திருத்தும்போது ஓரத்தில் வெறுமை விழுந்தால், பக்கத்தில் இருக்கிறதைப் பார்த்துத் தானே நிரப்பித் தரும். இல்லாத வானம், இல்லாத மதில்! அந்த மதில் எல்லைச் சண்டைக்குரிய மதிலாயிருந்தால்?

வழி ஒண்டும் பெரிய வித்தை இல்லை. ஏலுமானால் பின்னுக்குப் போய், போனை நேராகப் பிடித்து எடுங்கோ, மிஞ்சின நிலத்தைப் பிறகு வெட்டலாம். திருத்தித்தான் ஆகவேணும் எண்டால் 'கைடட்'டில் கோட்டை நீங்களே கீறுங்கோ. எந்தக் கோடு நிமிர்ந்தது எண்டு அங்க நிண்ட உங்களுக்குத்தான் தெரியும். இழுக்கிறதால மேற்பக்கம் மங்கும், ஓரம் வெட்டுப்படும். அதனால மூலப்படத்தை ஒருநாளும் அழிக்காதேங்கோ.

அந்த வீட்டின் மூலப்படம் எங்களிட்ட இருந்தது. பனையை நிமிர்த்தி, சுவரைச் சரிய விட்டு, பெரிசாகப் பிரதி எடுத்துக் கொண்டுபோய்க் குடுத்தம். அம்மா சரிவில் விரலை வைத்து, அண்டைக்கு ஆர் ஆர் உள்ளுக்குள்ள இருந்தவை எண்டு சொல்லத் தொடங்கினா.