தீவனமும் கூட்டுறவும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் மழை பொய்த்து நிலக்கடலை கருகினால், உழவர் குடும்பத்தைத் தாங்குவது கறவை மாடே. பால் உற்பத்திச் செலவில் பெரும்பகுதி தீவனத்துக்கே போகிறது. புண்ணாக்கு வாங்க வழியற்ற ஏழைகள் சத்துக்குறைந்த வைக்கோலையே நம்புகின்றனர்.

100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாட்கள் மூடிவைத்தால் அதன் புரதச்சத்து ஏறத்தாழ இருமடங்காகும். திருப்பதி கால்நடைப் பல்கலைக்கழகம் அறிந்த இம்முறை தொழுவந்தோறும் சென்றடைய வேண்டும். கொண்டுசேர்க்க வலுவான கூட்டுறவு தேவை. சித்தூர் கூட்டுறவுப் பால்பண்ணையோ 2002இல் மூடப்பட்டது. பால் உற்பத்தியாளர்கள் தனியாரின் தயவில் விடப்பட்டனர்.

மானிய விலைத் தீவனம், தாது உப்புக் கலவை, கூட்டுறவுக் கொள்முதல் ஆகிய மூன்றையும் ஆந்திர அரசு உறுதிசெய்ய வேண்டும். அதற்கு உழவர்களின் ஒன்றுபட்ட போராட்டமே வழி.