பழகிய பாட்டும் தனிப் பியானோவும்

பலருக்கும் பழகிய பாட்டுக்களை எடுத்துக்கொண்டு, பாடுவோரும் பக்கவாத்தியமும் இன்றி, ஒருவர் தனித்திருந்து பியானோவில் மெல்ல வாசிக்கும் இசை இந்நாளில் யாண்டும் பரவி நிற்கின்றது. உறங்குதற்கும், படித்தற்கும், மனக்கவலை மாற்றுதற்கும் உரியதென்று பெயரிட்டு, இணையத்தின் வழியே மணிக்கணக்காக அது வழங்கப்படுகின்றது. மாணவராகிய நம்முள்ளும் தேர்வு நெருங்குங்கால் அதனைச் செவியில் ஒலிக்கவிட்டு நூலை விரிப்போர் பலர். இவ்விசையைக் குறித்து இருவகைக் கருத்துக்கள் உலவுகின்றன. இசைவல்லார் சிலர், இது கலையன்று, வெறுந் தாலாட்டே என்று ஒதுக்குவர். விரும்புவோரோ, இது கேட்பதற்கன்று, பின்னே ஒலித்துக்கொண்டிருந்தாற் போதும் என்பர். இகழ்வாரும் விரும்புவாரும் ஒரு முடிபில் ஒத்து நிற்கின்றனர். இவ்விசைக்குக் கருத்தோடு செவிகொடுக்க வேண்டுவதில்லை என்பதே அம்முடிபு. அதனை யாம் மறுக்கின்றோம்.

தமிழ் பயிலும் எமக்கு இத்தகைய வாசிப்பு உரையாசிரியர் பணியாகவே தோன்றுகின்றது. மூலம் பிறருடையது, எல்லாரும் அறிந்தது. அதன் பொருளை விளங்கக் காட்டுதலே பின்வந்தோன் தொழில். பரிமேலழகர் குறளை இயற்றினாரல்லர். ஆயினும் அவருரையைக் கற்றபின், நாம் முன்னர் மனப்பாடஞ் செய்திருந்த குறளே வேறொரு குறளாய் நம்முன் நிற்கின்றது. இனி, நச்சினார்க்கினியரைப்போல் ஆங்குக் கிடந்த சொல்லை ஈங்குக் கொணர்ந்து கூட்டி, மூலத்தையே தம் புலமையாற் புதிதாகக் கட்டுவாரும் பியானோக் கலைஞருள் உளர். நார்மன் கிரான்ஸ் என்பார் 1953-ம் ஆண்டு முதல் பதிவுசெய்வித்த ஆர்ட் டேட்டமின் தனிவாசிப்புக்கள் அவ்வகையின. அவற்றிலே விரல்களின் விரைவு கண்டு மலைக்கின்றோம். சிற்சில இடங்களிற் பாட்டு எங்கே மறைந்ததென்று தேடவும் நேர்கின்றது. இவ்வாறு கூறியதற்காக டேட்டமின் அன்பர்கள் எம்மேற் சினங்கொள்வாராயிற் கொள்க.

மெல்ல வாசித்தல் பாட்டின்மேல் இனிப்புப் பூசுவதாகும் என்பாருக்கு ஒரு செய்தி கூறுவோம். ஜார்ஜ் கெர்ஷ்வின் 1926-ம் ஆண்டில் 'ஓ, கே!' என்னும் இசைநாடகத்திற்காக 'சம்ஒன் டு வாட்ச் ஓவர் மீ' என்ற மெட்டை அமைத்தார். தன்னைப் பேணிக் காப்பார் ஒருவரை நாடி ஏங்கும் பெண்ணின் பாட்டு அது. ஆனால் முதலில் அவர் அதனை விரைந்தோடும் ஆடற்பாட்டாகவே கருதியிருந்தார். ஒருநாள் தற்செயலாக அதனை மெல்ல வாசித்தபோதுதான், அதனுள் இருந்த ஏக்கம் அவருக்கும், பாடல் எழுதும் தமையனார் ஐராவிற்கும் புலனாயிற்று. பாட்டை ஆக்கியவனே தன் பாட்டின் பொருளை, விரைவைக் குறைத்த பின்னரே கண்டான் என்றால், மெல்லென்ற வாசிப்பை எளிதென்று எங்ஙனம் இகழ்வது?

அன்றியும், பியானோ என்னும் இத்தாலியச் சொற்கே மெல்லென்பது பொருள். 1700-ம் ஆண்டையொட்டிப் பார்த்தொலொமேயோ கிறிஸ்தோபோரி இவ்வாத்தியத்தை ஆக்கியபோது அதன் புதுமையாயிருந்தது, விரலின் அழுத்தத்திற்கேற்ப மெல்லவும் உரக்கவும் ஒலித்தலே. ஆயினும் இதனிடத்து ஒரு குறையுமுண்டு. கட்டையை அழுத்தியதும் உள்ளிருக்கும் சிறு சுத்தி தந்தியைத் தட்டிவிட்டு மீள்கின்றது. பிறகு அவ்வொலியை வளர்க்கவோ வளைக்கவோ விரலுக்கு ஆற்றலில்லை. பாடுவோன் ஒரு சுரத்தை நீட்டிப் பெருக்கலாம். வயலின்காரனும் அவ்வாறே செய்யலாம். பியானோவிலோ ஒலி பிறந்த கணத்திலேயே தேயத் தொடங்குகின்றது. விரைந்து வாசிப்போனுக்கு இக்குறை தோன்றாது. மெல்ல வாசிப்போனோ, முன்னைய சுரம் எவ்வளவு தேய்ந்து நிற்கின்றது என்பதைச் செவியால் அளந்து, அடுத்த சுரத்தை அதற்கு இசைந்த வலியோடு வைத்தல் வேண்டும். இடையே உள்ள வெறுமையைக் கீழ்ச்சுரங்களின் நீண்ட அதிர்வாலும், நடுக்குரல்களின் அசைவாலும் நிரப்ப வேண்டும். கோயிலிற் பாமாலையை நான்கு குரலிற் பாடிப் பழகியோர் இதனை நன்கு அறிவர். மெட்டு மாறாதிருப்பவும், ஆல்ட்டோவும் டெனரும் ஒரு சுரம் இறங்கினால் அவ்வடியின் முகமே மாறிவிடுமன்றோ? சொல்லில்லாமல் உரை எழுதுவது இவ்வாறுதான்.

இதற்கு எடுத்துக்காட்டாக யாம் பெரிதும் மதிப்பது, அமெரிக்கராகிய கீத் ஜாரெட் வாசித்து 1999-ம் ஆண்டில் வெளிவந்த 'தி மெலடி அட் நைட், வித் யூ' என்னும் இசைத்தட்டு. 1975-ம் ஆண்டு ஜனவரித் திங்கள் 24-ம் நாள், ஜெர்மனியிலுள்ள கொலோன் நகரில், முன்னமைத்த பாட்டு எதுவுமின்றி ஒருமணி நேரத்திற்கு மேலாகக் கற்பனையாகவே வாசித்து உலகை வியக்கச் செய்தவர் இவர். 1996-ம் ஆண்டில் நீங்காச் சோர்வுப் பிணி இவரைப் பற்றிற்று. மேடை ஏறுதல் கிடக்க, வாத்தியத்தின்முன் சிறிதுநேரம் அமர்தலே அரிதாயிற்று. அந்நிலையில், நியூ ஜெர்சியிலுள்ள தம் இல்லத்திலிருந்து, மனைவிக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகச் சில பாட்டுக்களை வாசித்துப் பதியத் தொடங்கினார். அதுவே இவ்விசைத்தட்டாக வளர்ந்தது. இதன்கண் அமைந்தவை பத்து. 'ஷெனண்டோவா' என்னும் பழைய நாட்டுப்பாட்டு அவற்றுள் ஒன்று; மேற்கூறிய கெர்ஷ்வின் பாட்டும் உண்டு. எல்லாம் அமெரிக்கர் பலர் வாயிலும் வழங்கியவையே. கொலோனில் வெள்ளமாய்ப் பெருகிய கற்பனை இங்கே பெரும்பாலும் ஒடுங்கிநிற்க, மெட்டே முன்னிற்கின்றது. பிணியால் வன்மை குன்றியதன் விளைவன்றி இது வேறில்லை என்பார்க்கு யாம் கூறுவது: வன்மை குன்றியவன் எதனை விட்டு எதனைக் கைக்கொண்டான் என்று நோக்குக. அலங்காரத்தை விட்டான், பாட்டைக் கைக்கொண்டான்.

இத்தட்டின் முதற்பாட்டு, 'ஐ லவ்ஸ் யூ, போர்கி' என்பது. 1935-ம் ஆண்டில் அரங்கேறிய 'போர்கி அண்ட் பெஸ்' என்னும் இசைநாடகத்தில், பெஸ் என்பவள், முரடனாகிய கிரவுன் மீண்டும் வந்து தன்னைக் கொண்டுபோகாதபடி காக்குமாறு போர்கியை இரந்து பாடும் பாட்டு அது. காதலும் அச்சமும் அதிலே பிரிக்கவொண்ணாதபடி பின்னிக் கிடக்கின்றன. துயிலுக்கென்று தொகுத்த பியானோ வரிசைகளில் இப்பாட்டும் இதுபோன்றவையும் இடம்பெறுதல் உண்டு. அங்கே வாசிப்போர் சிலர், ஒலியின் ஏற்றத்தாழ்வைச் சமன்செய்து, உறுத்தும் சுரங்களை நீக்கி, அவளுடைய அச்சத்தை முற்றும் துடைத்துவிடுகின்றனர். பொருளை மறைக்கும் உரை உரையாகுமோ? ஜாரெட்டின் வாசிப்பும் மென்மையானதே. கேட்போர் மனம் அடங்குவதும் உண்மையே. ஆயின் அங்கே பெஸ்ஸின் நடுக்கம் அழியவில்லை. துன்பத்தை இல்லையென்று பொய்கூறித் தேற்றுவோன் ஒருவன். துன்பமறிந்து அருகிருந்து தேற்றுவோன் மற்றொருவன். இவ்விருவரையும் ஒரே வரிசையிற் சேர்ப்பதுதான் எமக்குப் பொறுக்கவில்லை.

கேளாமற் கேட்கும் இசையென்பது இணையத்தோடு பிறந்த எண்ணமன்று. 1934-ம் ஆண்டிற் பெயர்கொண்ட மியூசாக் நிறுவனம், தொழிலாளர் ஊக்கம் தளராதிருக்கும்பொருட்டு மெட்டுக்களைப் பதினைந்து நிமிடப் பகுதிகளாகக் கோத்துத் தொழிற்சாலைகட்கு அனுப்பிற்று. அதற்கும் முன்னரே, எரிக் சாட்டி என்னும் பிரெஞ்சு இசையாசிரியர், நாற்காலியும் மேசையும் போல அறையிற் கிடக்கும் இசையொன்றை ஆக்கி, 1920-ம் ஆண்டிற் பாரிஸ் நகரில் வாசிப்பித்தார். அன்று நிகழ்ந்தது நகைப்பிற்கிடமானது. இசை எழுந்ததும் அங்கிருந்தோர் பேச்சை நிறுத்திச் செவிசாய்த்தனர். சாட்டியோ, பேசுங்கள், நடமாடுங்கள், கேளாதீர்கள் என்று அவர்களிடையே ஓடியாடி வேண்டினார். கேட்டல் மாந்தர்க்கு இயல்பு என்பது அவரது முயற்சியாலேயே வெளிப்பட்டது. அவ்வியல்பை நாமோ நாள்தோறும் வருந்திப் பயின்று இழந்துகொண்டிருக்கின்றோம்.

இளைப்பாற்றும் இசையை யாம் பழிக்கின்றோமென்று எவரும் கொள்ளற்க. சவுல் அரசன் பொல்லாத ஆவியால் அலைப்புண்டபோது, தாவீதின் சுரமண்டலமே அவனுக்கு ஆறுதல் அளித்ததென்று வேதாகமம் கூறுகின்றது. ஆனால் அதே தாவீது அதே சுரமண்டலத்தை வாசித்துக்கொண்டிருக்கையில், அவ்வரசன் ஈட்டியை எறிந்ததையும் அவ்வேதாகமமே கூறுகின்றது. கேளாத நெஞ்சிற்கு எவ்விசைதான் என்செய்யும்? நோயுற்றுத் துயிலின்றி வருந்துவோர் எதனை எவ்வாறு கேட்பினும் அவரை யாம் குறைகூறோம். நல்ல உடலும் நல்ல செவியும் உடைய கல்லூரி மாணாக்கரை நோக்கியே எமது வழக்கு.

2018-ம் ஆண்டில் இருமுறை மூளைத்தாக்கு நேர்ந்து ஜாரெட்டின் இடப்பக்கம் செயலிழந்தது. மேடையில் மீண்டும் வாசித்தல் இயலாதென்பதை அவரே 2020-ம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தார். நடுக்குரல்களையும் கீழ்ச்சுரங்களையும் தாங்கிய அவ்விடக்கையின் வேலையை இனி ஒலிப்பதிவிலன்றி நாம் கேட்டல் அரிது. நம் கல்லூரி இசைக் கழகத்தார்க்கு ஆதலால் ஒரு விண்ணப்பம் செய்துகொள்கின்றோம். இவ்வாண்டில் ஒரு மாலைப்பொழுதில், சொற்பொழிவும் தலைமையுரையும் நன்றியுரையும் இன்றி, நூல்களையும் கைப்பேசிகளையும் வாயிலில் வைத்துவிட்டு, இப்பத்துப் பாட்டையும் முதலிலிருந்து முடிவுவரை யாவரும் கூடியிருந்து கேட்குமாறு செய்க. அதற்கு ஒருமணி நேரமும் ஆகாது.