பிளான் போட்டால் கதை வருமா?

"தம்பி இன்ஜினியர்தானே, பிளான் இல்லாமலா வீடு கட்டுறீங்க?" சிறுகதைப் பட்டறைகளில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. பாத்திரங்கள், சிக்கல், உச்சம், முடிவு எல்லாவற்றையும் அட்டவணையில் நிரப்பிவிட்டுத்தான் முதல் வரியைத் தொட வேண்டுமாம். புதிதாக எழுத வருகிறவருக்கு இதைவிடக் கெட்ட யோசனை கிடையாது.

கட்டடக் கணக்கையே முதலில் பார்ப்போம். ஜெலாப்பாங்கில் இருந்துகொண்டு ஈப்போவில் வேலை பார்க்கிறவனுக்குச் சுண்ணாம்புப் பாறையைத் தெரியாமல் இருக்காது. கிந்தா பள்ளத்தாக்கின் அடியில் பெரும்பாலும் அதுதான். ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், சில அடி தள்ளி ஆழத்தில் கிடக்கும், நடுவில் பொந்தும் இருக்கும். எவ்வளவு சோதித்தாலும் பைல் எங்கே போய் நிற்கும் என்பது இறக்கும்போதுதான் முழுசாகத் தெரியும். வேலை முடிந்தபின், உண்மையில் கட்டியதை வைத்து இன்னொரு வரைபடம் போடுவோம். பட்டறைகளில் காட்டும் 'கதைக் கட்டமைப்பு' எல்லாம் இந்த இரண்டாவது வகை. எழுதி முடித்த கதையிலிருந்து வரைந்தது.

எம்.ஏ.சுசீலா தமிழில் 'அசடன்' என்று மொழிபெயர்த்த நாவலுக்காக, 1867இல் தஸ்தாயெவ்ஸ்கி மாதக்கணக்கில் குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்புகளில் நாயகன் வன்மம் பிடித்தவன். டிசம்பரில் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். மிஷ்கின் வந்தான். 1868 ஜனவரியில் நாவல் தொடராக வரத் தொடங்கியபோது பெரும்பகுதி எழுதப்படவே இல்லை. திட்டமிட்டு எழுதுவதில்லை என்று பலமுறை சொன்ன ஜெயமோகன், 2014 முதல் 2020 வரை 'வெண்முரசு' 26 நாவல்களை எழுதி முடித்தார். "கதையை வியாசர் கொடுத்துட்டாரே" என்பீர்கள். குருக்ஷேத்திரத்தில் யார் சாவார்கள் என்பது தெரியும். சாகும்வரை அவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதை எழுதித்தானே பார்க்க வேண்டும்?

நமக்குப் பிரச்சினை இன்னும் பெரிது. பேராக்கின் ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனையாகின, தாமான்களாகின. என் வயதுக்காரர்கள் பலர் அந்த வாழ்க்கையைப் பார்த்ததே இல்லை. அட்டவணையில் எதை நிரப்புவோம்? ஏற்கெனவே படித்ததைத்தான். கள்ளுக்கடை, கிராணி, குடிகார அப்பா, கடைசியில் ஒரு தற்கொலை. போட்டிகளுக்கு வரும் தோட்டக் கதைகள் ஒரே கதையாக இருப்பது இதனால்தான். தோட்டத்தை விட்டு வந்து முப்பது வருடம் ஆகியும் ஒரு தாத்தா ஏன் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்திருக்கிறார்? இதற்கு எந்த அட்டவணையிலும் கட்டம் இல்லை.

திட்டம் இல்லாவிட்டால் கதை அலையும் என்பார்கள். அலையட்டும். திருத்தும்போது இரக்கமில்லாமல் வெட்டுங்கள். அ.ரெங்கசாமி 'நினைவுச்சின்னம்' நாவலில் செய்ததுபோல சயாம் மரண ரயிலை எழுத வேண்டுமென்றால் தரவு வேண்டும், காலவரிசை வேண்டும். மறுக்கவில்லை. ஆனால் தரவு சேர்ப்பது வேறு, பாத்திரத்தின் தலையெழுத்தை முன்கூட்டியே எழுதிவிடுவது வேறு.

அடுத்த பட்டறையில் அட்டவணைத் தாளைக் கொடுத்தால் மரியாதையாக வாங்கிக்கொள்ளுங்கள். பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும். கதையை அங்கே ஆரம்பியுங்கள்.