குதிரைக்குப் பூசணச் சோளம் ஆகுமா?

கேள்வி: 'ஆடியில் அந்தியூர் சந்தையில் குதிரை வாங்கினேன். மழையில் நனைந்து லேசாகப் பூசணம் பிடித்த மக்காச்சோளம் இருக்கிறது. மாடு தின்கிறது. காயவைத்துக் குதிரைக்கும் கொடுக்கலாமா?'
- வாசகர், எலவனாசூர்கோட்டை

பதில்: கொடுக்கவே கூடாது. மக்காச்சோளத்தில் வரும் பியூசேரியம் பூசணம் 'ஃப்யூமோனிசின்' என்ற நஞ்சை உண்டாக்கும். மாடு அதை ஓரளவு தாங்கும். குதிரைக்கோ மூளையே அழுகிவிடும். தள்ளாடும், பார்வை போகும், சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் இறந்துவிடும். மருந்து கிடையாது. காயவைத்தாலும் வேகவைத்தாலும் நஞ்சு போகாது. உடைந்த மணியிலும் தூசியிலும்தான் அது அதிகம் என்பதால், நல்ல சோளத்தையும் சலித்தே கொடுங்கள்.

மலிவாகக் கிடைக்கிறதென்று கோழித்தீவனமும் வேண்டாம். அதில் மோனென்சின் கலந்திருந்தால் குதிரையின் இதயம் கெடும்.

குதிரைக்குக் கொள்ளு என்பார்கள். முக்கியத் தீவனம் புல்தான். 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளுக்கு 5 முதல் 6 கிலோ காய்ந்த புல் தேவை. அதற்கு இரைப்பை சிறியது, வாந்தியும் எடுக்காது. அதனால் நான்கு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். தீவனத்தை மாற்றுவதானால் பத்து நாளில் படிப்படியாக மாற்றுங்கள்.

தீனி எடுக்காமல் விலாவையே திரும்பிப் பார்த்தாலோ, படுத்துப் புரண்டாலோ வயிற்றுவலி. விடியட்டும் என்று காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு எண் 1962.