ஆம்பிள மணிக்கூடு எத்தனை மில்லிமீற்றர்?

மணிக்கூட்டுப் பிரியர்களிடம் ‘ஃபீல்ட் வோட்ச்’ என்று சொல்லிப் பாருங்கள். கறுப்பு முகம், பெரிய வெள்ளை இலக்கங்கள், துணிப்பட்டி, அதைக் கட்டியிருக்கிற ஒரு படைவீரனின் முரட்டுக் கை, இவ்வளவும் உடனே அவர்களின் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். இதைவிட ‘ஆம்பிளத்தனமான’ மணிக்கூடு இல்லை என்கிற மாதிரித்தான் விளம்பரங்களும் இருக்கும். சரி, உண்மையில் அந்தப் படைவீரன் கட்டின மணிக்கூடு எவ்வளவு பெரிசு?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகளுக்குக் கொடுக்கப்பட்ட ஏ-11 மணிக்கூட்டின் அகலம் கிட்டத்தட்ட 32 மில்லிமீற்றர். பிரித்தானியா தன்ர படைகளுக்கென்று 12 கொம்பனிகளிடம் செய்வித்து 1945இல் வாங்கிய மணிக்கூடுகளும் பெரும்பாலும் 35 முதல் 38 மில்லிமீற்றருக்குள்தான் இருந்தன. இருட்டிலும் அவசரத்திலும் ஒரே பார்வையில் நேரம் தெரியவேணும், அவ்வளவுதான் தேவை. அதற்கு அந்த அளவே தாராளம்.

இப்ப கடைக்குப் போய் 32 மில்லிமீற்றர் மணிக்கூடு கேளுங்கள். ‘லேடீஸ்’ பக்கத்தைக் காட்டுவார்கள். அங்கே பாதிக்கு மேல் பூவும் கல்லும் ரோஸ் நிறமும்தான். இலக்கம் தெளிவாக இருக்கிற ஒன்றைக் கேட்டால், “தங்கச்சி, அது ஜென்ட்ஸ்” என்று பதில் வரும். ஜென்ட்ஸ் பக்கத்தில் 42, 44 என்று தட்டு மாதிரிக் கிடக்கும். மெல்லிய கை உள்ள பெடியன்களுக்கும் இதே கரைச்சல்தான். மணிக்கட்டை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறதைக் கட்டினால்தான் ஆம்பிள என்று யாரோ அவர்களையும் நம்பவைத்திருக்கிறார்கள்.

அதனால்தான் சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் வரிசையில் 2022இல் வந்த 36.4 மில்லிமீற்றர் ஃபீல்ட் மணிக்கூட்டைப் பற்றி எழுதவேணும் என்று நினைத்தேன். அதற்கு முன்னர் இதே பாணியில் வந்தது 39.4 மில்லிமீற்றர். மூன்று மில்லிமீற்றர் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். நண்பி ஒருத்தியிடம் வாங்கி இரண்டு கிழமை கட்டிப் பார்த்தேன். மெல்லிய மணிக்கட்டில் அது பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு நிற்கும்போதும் திரும்பிப் பார்த்தவுடன் நேரம் தெரிகிறது. முட்களும் இலக்கங்களும் தெளிவு, இருட்டில் ஒளிரும். 100 மீற்றர் நீர்த்தாங்குதிறன் இருப்பதால் மழைக்குப் பயமில்லை. முடியை இழுத்தால் செக்கன் முள் நிற்கும். ஏ-11இலும் இந்த வசதி இருந்தது. ஒரு குழுவினர் எல்லாரும் ஒரே செக்கனுக்கு நேரத்தைச் சரிபார்க்க அது தேவைப்பட்டது.

குறைகளையும் சொல்லவேணும். முதலாவது தடிப்பு. அகலத்தைக் குறைத்தவர்கள் உயரத்தைக் குறைக்கவில்லை. 12 மில்லிமீற்றருக்கும் மேலே நிற்கிறதால் நீளக் கை சேர்ட்டின் விளிம்பில் முட்டும். உள்ளே இருப்பது ஓட்டோமெற்றிக் இயந்திரம். கை அசைய அசைய உள்ளே ஒரு பாரம் சுழன்று வில்லை முறுக்கும். அந்தப் பாரத்துக்கும் இடம் வேணும். அந்தக் காலத்துப் படை மணிக்கூடுகளுக்குக் கையால்தான் சாவி கொடுத்தார்கள், இந்தச் சிக்கல் அவற்றுக்கு இல்லை.

இரண்டாவது நேரம். இந்த இயந்திரம் நாளுக்கு 45 செக்கன் முந்தலாம், 35 செக்கன் பிந்தலாம் என்று கொம்பனியே சொல்கிறது. முழுசா முறுக்கேறியிருந்தாலும் 41 மணித்தியாலம்தான் ஓடும். வெள்ளி இரவு 8 மணிக்குக் கழற்றி வைத்தால் ஞாயிறு மதியம் 1 மணியளவில் நின்றுவிடும். வேடிக்கை என்னவென்றால், உலகின் முதல் குவாட்ஸ் கைக்கடிகாரத்தை 1969 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் இதே சீக்கோதான். அது மாதத்துக்கே 5 செக்கன்தான் பிசகும் என்றார்கள். ஆகவே ‘பற்றரியில ஓடுறதெல்லாம் மணிக்கூடா?’ என்று முகம் சுளிக்கிறவர்களின் பேச்சை நம்பாதீர்கள். சரியான நேரம்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் கசியோ எஃப்-91டபிள்யூ போதும். பற்றரி ஏழு வருசம் போகும், மாதத்துக்கு 30 செக்கனுக்கு மேல் பிசகாது, விலையும் இதில் ஒரு சின்னப் பங்கு.

இன்னொன்று. இந்த வகை மணிக்கூடுகளைக் கெமோ பட்டியோடும் ‘போர்க்களப் பாரம்பரியம்’ என்கிற வசனத்தோடும் விற்கிறார்கள். சோதனைச்சாவடிகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அதில் கிளர்ச்சி அடைய ஒன்றுமில்லை. நான் வாங்கினால் முதல் வேலையாக ஒரு சாதாரண கபிலத் தோல் பட்டி மாற்றுவேன்.

அப்ப வாங்கலாமா? சாவி முறுக்குகிற ஒரு சின்ன இயந்திரம் கையில் துடிக்கிறது பிடிக்கும் என்றால், காசும் கையில் இருக்கென்றால், வாங்கலாம். கடன்பட்டு வாங்கவேண்டிய சாமான் இல்லை. ஆனால் எதை வாங்கினாலும் லேடீஸ், ஜென்ட்ஸ் என்ற பலகையைப் பார்க்காமல் கையில் கட்டிப் பாருங்கள். பரீட்சை மண்டபத்துக்குள் போனைக் கொண்டுபோக ஏலாது. அங்கே மிச்சம் எத்தனை நிமிசம் என்று ஒரு பார்வையில் சொன்னால் அது நல்ல மணிக்கூடு. அது ஆம்பிளயின்ரயா பொம்பிளயின்ரயா என்று விடைத்தாளில் எந்தக் கேள்வியும் வராது.